கால் மணி நேரக் கட்டங்கள்: டிசைன் ஏஜென்சிக்குள் ஒரு பார்வை

டிசைன் ஏஜென்சியில் புதிதாகச் சேருபவருக்கு முதல் நாள் நல்ல கணினி ஒன்று கிடைக்கும். பெரிய திரை கிடைக்கும். ஒரு கிடங்கு நிறைய எழுத்துருக்கள் கிடைக்கும். நேர்காணலில் யாரும் பெருமையாகச் சொல்லாத இன்னொன்றும் சேர்ந்தே கிடைக்கும். அதன் பெயர் டைம்ஷீட். அன்றாடம் பார்த்த வேலையைக் கால் மணி, அரை மணிக் கட்டங்களாக வெட்டி, எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு நேரம் போனது என்று எழுதி நிரப்ப வேண்டிய அட்டவணை அது. வெள்ளிக்கிழமை மாலையானால் அலுவலகமே நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். திங்கட்கிழமை காலை என்ன செய்தோம் என்று யாருக்கும் நினைவிருக்காது.

வண்ணம், எழுத்து, வடிவம் என்று கனவோடு வந்தவருக்கு இது குமாஸ்தா வேலையாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அங்கே சில வருடங்கள் உட்கார்ந்து எழுந்தபின் புரிந்தது, ஏஜென்சி வாழ்க்கையின் வினோதங்களில் பெரும்பாலானவை இந்த அட்டவணையிலிருந்துதான் முளைக்கின்றன என்று. ஏன் இரவு வரை விளக்கு எரிகிறது, ஏன் ஒரு லோகோவுக்கு மூன்று மாதிரிகள் காட்டப்படுகின்றன, ஏன் நல்ல யோசனை ஒன்று பாதியில் கைவிடப்படுகிறது என்ற கேள்விகளெல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கின்றன.

காரணம் எளிது. வாடிக்கையாளர் தான் ஒரு லோகோவை, ஒரு பெட்டியின் மேலுறையை, ஒரு வெப்சைட்டை வாங்குவதாக நினைக்கிறார். ஏஜென்சி விற்பது அங்கே வேலைபார்ப்பவர்களின் நேரத்தை. ஒரு வேலைக்கு 120 மணி நேரம் ஆகும் என்று மதிப்பிட்டு, அதற்கு ஒரு தொகை சொல்லி, ஒப்பந்தம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலை 180 மணி நேரம் இழுத்துவிட்டது. மிகுதி 60 மணி நேரத்துக்கு வாடிக்கையாளர் பணம் தரமாட்டார், ஒப்பந்தம் அப்படி. டிசைனருக்கு மாதச் சம்பளம் என்பதால் ஏஜென்சியின் கையிலிருந்தும் நேரடியாக எதுவும் போகாது. அப்படியானால் அந்த 60 மணி நேரத்தை யார் கொடுத்தார்கள்? டிசைனரின் மாலைகளும் ஒரு சனிக்கிழமையும் கொடுத்தன.

நேரத்தை விற்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1971-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் கேரலின் டேவிட்சன் என்ற மாணவி, அப்போது புதிய காலணி வகை ஒன்றைக் கொண்டுவரவிருந்த ஒரு நிறுவனத்துக்கு ஒரு சின்னம் வரைந்து கொடுத்தார். மணிக்கு 2 டாலர் என்ற பேச்சு; கடைசியில் அவருக்குக் கிடைத்தது 35 டாலர். இன்று உலகமே அறிந்த நைக்கியின் சின்னம் அது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அந்த நிறுவனம் அவரை அழைத்து, பங்குகள் கொடுத்துக் கௌரவித்தது என்பது வேறு கதை. மறுமுனையில் பாலா ஷேர் என்ற அமெரிக்க டிசைனர். 1998-ல் சிட்டிகார்ப் வங்கிக் குழுமமும் டிராவலர்ஸ் காப்பீட்டுக் குழுமமும் இணைந்தபோது, முதல் சந்திப்பிலேயே ஒரு காகிதக் கைத்துடைப்பில் அவர் கிறுக்கிய சிறு படம்தான் சிட்டி வங்கியின் லோகோவாக வளர்ந்தது. நிமிடக் கணக்கில் முடிந்த வேலை. அதற்கு நிமிடக் கணக்கில் பில் போட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? அந்தக் கைக்குப் பின்னால் இருந்த பல வருடப் பயிற்சியை எந்தக் கட்டத்தில் எழுதுவது? டைம்ஷீட்டில் அதற்கான இடம் இல்லை.

ஆகவே ஏஜென்சிகள் ஒவ்வொருவரின் வாரத்தையும் இரண்டாகப் பிரிக்கின்றன: பில் போடக்கூடிய நேரம், போட முடியாத நேரம். 40 மணி நேர வாரத்தில் 30 மணியாவது முதல் வகையில் வர வேண்டும் என்கிற மாதிரியான எதிர்பார்ப்பு இருக்கும். மீதி பத்து மணிக்குள் கூட்டங்கள், மின்னஞ்சல்கள், பயிற்சி, புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பது, சும்மா ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது எல்லாம் அடங்கிவிட வேண்டும். யோசனைகள் பெரும்பாலும் அந்தக் கடைசி வேலையின்போதுதான் வருகின்றன என்பதைக் கணக்கருக்கு நிரூபித்துக் காட்டிய டிசைனரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள், ஏஜென்சி முழுக்க வரைகிறவர்கள் இருப்பார்கள் என்று நினைப்பார்கள். உண்மையில் பாதிப் பேர் வரைவதில்லை. வாடிக்கையாளரோடு பேசி, அவருடைய கோபத்தையும் அவசரத்தையும் தாங்கிக்கொள்ள அக்கவுண்ட் மேனேஜர் ஒருவர் இருப்பார். யாருக்கு எந்த வேலை, எந்தத் தேதிக்குள் என்று பங்கிட ஒருவர். திசையைச் சொல்ல கிரியேட்டிவ் டைரக்டர். காட்சியைக் கவனிக்க ஆர்ட் டைரக்டர். சொற்களைக் கவனிக்க காப்பிரைட்டர். இந்த இருவரையும் ஒரே அறையில் ஜோடியாக உட்காரவைக்கும் வழக்கத்தைப் பரப்பியது, 1949-ல் தொடங்கிய டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர நிறுவனம். அதற்கு முன்னால் எழுதுகிறவர் வாசகங்களை எழுதி அனுப்புவார், வரைகிறவர் அவற்றைச் சுற்றிப் படம் போடுவார். இவர்களுக்கெல்லாம் கீழே, கோப்புகளின் நடுவே, டிசைனர்கள்.

வேலை தொடங்குவது பிரீஃப் என்ற ஆவணத்தில். என்ன பிரச்சினை, யாருக்காக, எவ்வளவு பணம், எப்போது வேண்டும் என்று வாடிக்கையாளர் எழுதித் தருவது. ஏட்டில் அப்படி. நடைமுறையில், "எங்கள் வெப்சைட் பழசாகத் தெரிகிறது, புதிதாக வேண்டும்" என்ற ஒரு வரிதான் பல சமயம் வரும். பேசிப் பார்த்தால் சிக்கல் வெப்சைட்டில் இருக்காது. நிறுவனம் எதை விற்கிறது என்பதில் அதன் இயக்குநர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கும். அந்தச் சண்டை முகப்புப் பக்கத்தில் இடப்போட்டியாக வெளிப்பட்டிருக்கும். நோயாளி தலைவலி மாத்திரை கேட்கிறார், வைத்தியர் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்கிறார். இந்த இடத்தில் நல்ல ஏஜென்சிக்கும் சுமாரான ஏஜென்சிக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். சுமாரான இடத்தில் கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டு பில் அனுப்பிவிடுவார்கள்.

அந்த பிரீஃப் கைக்கு வருவதற்கு முன்னால் ஒரு போட்டி நடந்திருக்கும். பிட்ச் என்பார்கள். நான்கைந்து ஏஜென்சிகளை அழைத்து, உங்கள் யோசனையைக் காட்டுங்கள் என்று வாடிக்கையாளர் கேட்பார். வேலை கிடைத்தால் ஒருவருக்கு. மற்றவர்கள் இரண்டு வாரம் இலவசமாக உழைத்துவிட்டு, வாழ்த்துச் சொல்லிவிட்டு, திரும்ப வேண்டும். 1914-ல் நியூயார்க்கில் நிறுவப்பட்ட ஏஐஜிஏ போன்ற டிசைனர்களின் சங்கங்கள், இப்படிக் கூலியின்றி மாதிரி செய்து காட்டுவதற்கு எதிராக நெடுங்காலமாகப் பேசி வருகின்றன. பலன் பெரிதாக இல்லை. பிட்ச்சில் ஒரு சிறு தந்திரமும் உண்டு: மேடையில் நின்று பேசுபவர்கள் அனுபவம் மிக்கவர்கள், வேலை கிடைத்தபின் அதைச் செய்பவர், மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து மடிக்கணினியில் பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருந்த இளைஞர். வாடிக்கையாளர்களுக்கும் இது தெரியும். ஆனாலும் மேடைப் பேச்சைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள்.

இப்போது அந்த மூன்று மாதிரிகளின் விஷயம். டிசைனர் பெரும்பாலும் ஒன்றைத்தான் நம்புவார். ஆனால் தேர்ந்தெடுக்கும் உணர்வு வாடிக்கையாளருக்கு வேண்டும் என்பதால் இன்னும் இரண்டு செய்யப்படும். ஒன்று பாதுகாப்பானது, ஒன்று கொஞ்சம் கிறுக்குத்தனமானது. நடுவில் வைத்ததைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது கணக்கு. தப்புக் கணக்கு. நம்பாத ஒன்றைச் செய்து காட்டினால் ஒருநாள் அதுவே தேர்வாகும்; பிறகு ஆறு மாதம் அதோடுதான் குடும்பம் நடத்த வேண்டும். 1986-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் தன் நெக்ஸ்ட் கணினி நிறுவனத்துக்காக பால் ராண்ட் என்ற டிசைனரிடம் லோகோ கேட்டார். சில மாதிரிகள் காட்ட முடியுமா என்றதற்கு ராண்ட் மறுத்துவிட்டார். பிரச்சினையைத் தீர்த்துத் தருவேன், பணம் தர வேண்டும், பிடித்தால் பயன்படுத்துங்கள் என்பது அவர் நிலை. கட்டணம் ஒரு லட்சம் டாலர். லோகோ எப்படிப் பிறந்தது என்று படிப்படியாக விளக்கும் சிறு புத்தகத்தோடு ஒரே ஒரு லோகோவைக் கொடுத்தார். டிசைனர்கள் இந்தக் கதையைப் புராணம்போலச் சொல்லி மகிழ்வார்கள். ஐபிஎம்முக்கும் ஏபிசி தொலைக்காட்சிக்கும் லோகோ செய்து முடித்த எழுபது வயதுக்காரருக்கு வாய்த்த சுதந்திரம் அது என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

மாதிரிகளைக் காட்டியபின் கருத்துகள் வரும். ஏஜென்சி வேலையில் உண்மையான கல்வி இங்கேதான் தொடங்குகிறது என்பேன். "லோகோவைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்" என்பது உலகப் பொதுமொழி. "இன்னும் உயிரோட்டமாக வேண்டும்", "ஏதோ குறைகிறது", "என் மனைவிக்கு இந்தப் பச்சை பிடிக்கவில்லை" என்றெல்லாம் வரும். புதியவர் இவற்றைக் கேட்டுச் சோர்ந்துபோவார். அல்லது கேட்டபடியே மாற்றிக் கொடுத்துவிடுவார். இரண்டும் தவறு. வாடிக்கையாளர் சொல்வது பெரும்பாலும் மருந்தின் பெயர். அவருக்கு என்ன வலிக்கிறது என்பதை நாம்தான் கேட்டறிய வேண்டும். லோகோ பெரிதாக வேண்டும் என்றால், பக்கத்தைப் பார்த்தவுடன் இது யாருடையது என்று தெரியவில்லை என்று பொருளாக இருக்கலாம். சுற்றியுள்ள இரைச்சலைக் குறைத்தால் லோகோ அதே அளவில் இருந்துகொண்டே கண்ணில் படும். இந்த மொழிபெயர்ப்பு கைவர இரண்டு மூன்று வருடங்கள் ஆகும். எந்தக் கல்லூரியிலும் இதற்குப் பாடம் வைத்ததாகத் தெரியவில்லை. பச்சை பிடிக்காத மனைவிக்கு மட்டும் மருந்து கிடையாது. நீலத்துக்கு மாற வேண்டியதுதான்.

எல்லாக் கருத்தையும் ஏற்று, மாற்றி, ஒப்புதலும் வாங்கியபின், இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வராத ஒருவர் வருவார். அவர்தான் பணத்தைக் கையாள்பவர். முதல்முறையாகப் பார்க்கிறார். அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு வேலை 120 மணியிலிருந்து 180 மணி ஆவதற்கு, டிசைனரின் மெத்தனத்தைவிட இந்த ஒரு மனிதரே அதிகக் காரணம். அனுபவசாலிகள் முதல் கூட்டத்திலேயே, கடைசிக் கையெழுத்து யாருடையது என்று கேட்டுவிடுவார்கள். ஒப்பந்தத்திலும் திருத்தங்கள் இரண்டு சுற்று மட்டுமே, அதற்குமேல் தனிக் கட்டணம் என்று எழுதிவைப்பார்கள். எழுதிவைத்ததை நினைவூட்டும் துணிச்சல் எல்லா அக்கவுண்ட் மேனேஜருக்கும் இருப்பதில்லை.

எல்லோரும் கையெழுத்திட்டால் பிழைத்தோம் என்றும் சொல்லிவிட முடியாது. 2010 அக்டோபரில் கேப் என்ற ஆடை நிறுவனம் இருபது வருடப் பழைய லோகோவை எடுத்துவிட்டுப் புதியதை வெளியிட்டது. மக்கள் சிரித்தார்கள், கோபப்பட்டார்கள். ஒரே வாரத்தில் பழையது திரும்பியது. அதற்கு முந்தைய ஆண்டு டிராபிகானா தன் ஆரஞ்சுச் சாற்றின் பெட்டியை மாற்றியது. உறிஞ்சுகுழல் குத்திய ஆரஞ்சுப் பழத்தின் படம் போய், கண்ணாடிக் கோப்பை வந்தது. கடை அடுக்கில் தங்கள் வழக்கமான பெட்டியை மக்களால் அடையாளம் காண முடியவில்லை. விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்ததாக வணிகப் பத்திரிகைகள் எழுதின. இரண்டு மாதத்துக்குள் பழைய பெட்டி வந்துவிட்டது. இத்தகைய வேலைகளில் பல மாதச் சந்திப்புகள், ஒப்புதல்கள், கையெழுத்துகள் இருந்திருக்கும். பழி விழும்போது மட்டும் "அந்த டிசைனர் யார்" என்ற ஒரே கேள்விதான் எழும்.

கசப்பாகவே சொல்லிக்கொண்டு போகிறேன். ஏஜென்சியில் மற்ற இடங்களில் கிடைக்காத ஒன்றும் உண்டு: சுவர். செய்துகொண்டிருக்கும் வேலையை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவார்கள், அல்லது பெரிய திரையில் போடுவார்கள். சுற்றி நின்று எல்லோரும் பேசுவார்கள். ஏன் இந்த எழுத்து, ஏன் இந்த இடைவெளி, இந்தக் கோடு இல்லாவிட்டால் என்ன குறையும் என்று கேட்பார்கள். முதல் முறை என் வேலை அப்படி நின்றபோது, என்னையே சுவரில் ஒட்டிவிட்டதுபோல் கூசியது. மூத்தவர் ஒருவர் எதுவும் பேசாமல் அருகில் வந்து, நான் மூன்று நாள் பாடுபட்டுச் செய்த அலங்காரத்தின் மேல் வெள்ளைத் தாளை வைத்து மறைத்தார். பக்கம் உடனே மூச்சுவிட்டது. அவர் போய்விட்டார். அந்த அரை நிமிடத்துக்கு ஈடான பாடத்தை நான் அதற்குமுன் கற்றதில்லை. டைம்ஷீட்டில் அதற்கு அவர் என்ன எழுதினாரோ.

முடித்துக் கொடுக்கும் கட்டம் பலருக்குச் சலிப்பு; எனக்கு மரியாதை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் காட்டுகிறது. திரையில் மின்னும் நீலம் காகிதத்தில் கத்தரிப்பூ நிறத்துக்குச் சாய்ந்துவிடும். அச்சகத்துக்கு அச்சகம் நிறம் மாறும் சண்டையும் உண்டு; அதைத் தீர்க்கத்தான் 1963-ல் பேன்டோன் எண்ணிட்ட நிற முறை வந்தது. எண்ணைச் சொன்னால் எந்த அச்சகத்திலும் அதே நிறம் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். தாளை வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாமலிருக்க, படத்தை எல்லைக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டிவிட வேண்டும். மறந்தால் அச்சாகி வந்த அத்தனை பிரதியும் குப்பை. இணையப் பக்கத்துக்கு வேறு விதிகள். பார்வை மங்கியவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி வழிகாட்டி. இளஞ்சாம்பல் நிறத்தில் மெல்லிய எழுத்து வைத்து அழகு பார்ப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

2016-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருள் இந்த வேலைமுறையை ஓசையின்றிப் புரட்டிப் போட்டது. முன்பெல்லாம் கோப்பு டிசைனரின் கணினிக்குள் இருக்கும். "இறுதி", "இறுதி 2", "கடைசி இறுதி" என்று பெயர் மாறிக்கொண்டே வளரும். இப்போது கோப்பு இணையத்தில் இருக்கிறது. நான்கு பேர் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் வேலைசெய்யலாம். வசதிதான். ஆனால் வாடிக்கையாளரையும் அதற்குள் அழைத்துவிட்டார்கள். அரைகுறையாக வெந்துகொண்டிருக்கும் யோசனையின் மேல் அவருடைய பெயர் தாங்கிய அம்புக்குறி வந்து நிற்கும்போது, கை தானாகவே பாதுகாப்பான பக்கம் நகரும். தப்பாகச் செய்து பார்க்கத் தனிமை வேண்டும். அந்தத் தனிமை குறைந்துவிட்டது என்பது என் குறை. இளையவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

செய்தவர் பெயர் எங்கே போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஃபெடெக்ஸ் லோகோவில் ஈ, எக்ஸ் எழுத்துகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் அம்பைக் கோடிக்கணக்கானோர் ரசித்திருப்பார்கள். 1994-ல் லேண்டர் நிறுவனத்தில் அதைச் செய்த லிண்டன் லீடரின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்? அவருக்காவது பெயர் வெளியே வந்தது. வழக்கமான ஒப்பந்தத்தில், கட்டணம் முழுவதும் கிடைத்ததும் உரிமை வாடிக்கையாளருக்குப் போய்விடும். புகழ் ஏஜென்சியின் பெயருக்குப் போய்விடும். இதற்கு மாற்றாக ஓர் ஏற்பாடும் இருக்கிறது. 1972-ல் லண்டனில் ஐந்து டிசைனர்கள் சேர்ந்து தொடங்கிய பென்டகிராமில் பங்குதாரர்கள் பெரும்பாலும் டிசைனர்களே. ஒவ்வொருவரும் தன் சிறு குழுவோடு வேலைசெய்கிறார். வாடிக்கையாளரோடு நேராகப் பேசுகிறார். வருமானத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அரை நூற்றாண்டு தாண்டியும் அது நிற்கிறது. ஆனாலும் வெகுசிலரே அதைப் பின்பற்றினார்கள். சக டிசைனர் இந்த வருடம் குறைவாகச் சம்பாதித்தாலும் சமபங்கு கொடுக்கும் மனது எத்தனை பேருக்கு வரும்?

மூன்று நான்கு வருடங்களில் பலர் ஏஜென்சியை விட்டு ஏதாவது ஒரு நிறுவனத்தின் உள் டிசைன் குழுவுக்குப் போகிறார்கள். சோர்வு ஒரு காரணம். அதைவிட வலுவான காரணம், விளைவைப் பார்க்கும் ஆசை. ஏஜென்சியில் இருப்பவர் இரண்டு வருடத்தில் மருத்துவமனை, விமான நிறுவனம், வங்கி, பொம்மைக் கடை என்று பத்துத் தொழில்களை எட்டிப் பார்த்துவிடுவார். ஆனால் ஒப்படைத்த நாளோடு உறவு முடிந்துவிடும். அந்தப் படிவத்தை மக்கள் நிரப்பினார்களா, அந்தப் பெட்டி விற்றதா என்று தெரியாமலே அடுத்ததற்குப் போய்விடுவார். பெரிய நிறுவனங்களும் டிசைனை வெளியில் வாங்குவதைவிட உள்ளேயே வைத்துக்கொள்ள விரும்பின. 2013-ல் அக்சென்ச்சர் ஃபியோர்ட் ஏஜென்சியை வாங்கியது. 2014-ல் கேபிடல் ஒன் வங்கி அடாப்டிவ் பாத்தை வாங்கியது. ஒரு வங்கி டிசைன் ஏஜென்சியையே விலைக்கு வாங்கியது அப்போது எங்களுக்கெல்லாம் வியப்பாக இருந்தது.

இப்போது படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. இதனால் வேலை போகுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஏஜென்சிக்குள் இருப்பவர்களை உறுத்துவது வேறொன்று. பத்து மணி நேர வேலை இரண்டு மணியில் முடிந்தால், நேரத்தை விற்பவர் இரண்டு மணிக்குத்தானே பில் போட முடியும்? வேகமாக வேலைசெய்வதற்குத் தண்டனை தரும் கணக்குமுறை இது. இத்தனை வருடங்களாக அது பெரிதாக வெளியே தெரியவில்லை. வேலையின் மதிப்புக்கு விலை வைப்போம் என்று சில ஏஜென்சிகள் முயல்கின்றன. வாடிக்கையாளரின் கொள்முதல் துறையோ, எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று கேட்கும் பழைய படிவத்தையே இன்னமும் அனுப்பிக்கொண்டிருக்கிறது.

ஏஜென்சியிலிருந்து வெளியேறும் டிசைனர் அடுத்த வேலைக்கான நேர்காணலில் தன் தொகுப்பை விரித்து வைப்பார். பக்கத்துக்குப் பக்கம் பளபளக்கும். எதிரில் இருப்பவர் நிதானமாகப் புரட்டிவிட்டு, ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "இதில் நீங்கள் செய்தது எது?" என்று கேட்பார். யோசனை இன்னொருவருடையது, எழுத்துருவைத் தேர்ந்தது கிரியேட்டிவ் டைரக்டர், நிறம் வாடிக்கையாளரின் மனைவி. இவர் செய்தது அந்த எழுத்துகளுக்கு நடுவிலிருந்த இடைவெளிகளை. அதைச் சரிசெய்யப் பதினோரு நாள் ஆனது.